பயோடீசல் ஆலையில் அபாய ஆய்வு: ரியாக்டரைத் தாண்டி எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

மணலி_உற்பத்தி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மணலிக்கு அருகில், பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரிக்கும் சிறிய ஆலை ஒன்றில் உற்பத்திப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். உணவகங்களிலிருந்தும் நொறுக்குத்தீனி தயாரிப்பவர்களிடமிருந்தும் வரும் எண்ணெயை வடிகட்டி, சூடாக்கி நீரை நீக்கி, மெத்தனாலும் வினையூக்கியாகச் சோடியம் மெத்தாக்சைடும் சேர்த்து 60 பாகை செல்சியஸ் அளவில் வினைபுரிய வைக்கிறோம். பிறகு கிளிசரினைப் பிரித்து, எஞ்சிய மெத்தனாலை வெற்றிடத்தில் வடித்து மீட்டு, பயோடீசலைக் கழுவி உலர்த்தி அனுப்புகிறோம். ஒரு தடவைக்கு 10 டன் எண்ணெய் ஏற்றுகிறோம்.

இப்போது இரண்டாவது ரியாக்டர் (வினை நடக்கும் கலன்) வைக்கும் திட்டம் இருப்பதால், வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து ஹாசாப் (HAZOP) ஆய்வு, அதாவது வேலை வழக்கத்திலிருந்து எங்கே எப்படி விலகக்கூடும் என்று குழுவாக அமர்ந்து கேட்டுப் பார்க்கும் அபாய ஆய்வு, நடத்தினார்கள். அறிக்கை கைக்கு வந்திருக்கிறது. படித்துப் பார்த்ததில் பாதிக்கும் மேற்பட்ட வரிகள் ரியாக்டரைப் பற்றியே இருக்கின்றன. கிளிசரின் தொட்டி, எண்ணெய் இறக்கும் இடம், கழிவுநீர்க் குழி ஆகியவற்றுக்கு ஓரிரு வரிகள்தான். அதோடு, பாதுகாப்பு ஏற்பாடு என்ற கட்டத்தில் பல இடங்களில் ‘ஆப்பரேட்டர் கவனித்துச் சரிசெய்வார்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வு நடந்த கூட்டத்துக்கு ஆப்பரேட்டர்கள் யாரும் அழைக்கப்படவில்லை.

எங்கள் மதில் சுவருக்கு அப்பால் குடியிருப்புகள் இருக்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை இந்தப் பகுதியில் யாரும் மறந்துவிடவில்லை. ஆகவே, இந்த அறிக்கையைக் கோப்பில் வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இதுபோன்ற ஆலையில் ஆய்வு எந்த இடங்களில் ஆழமாகச் செல்ல வேண்டும்? ஆப்பரேட்டரின் கவனத்தைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எண்ணூர்_நெடுஞ்சாலை

தம்பி, வேதித் தொழிற்சாலைகளில் செயல்முறைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேள்வி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது.

ரியாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் வினை கட்டுக்கடங்காமல் போய்விடுமோ என்ற அச்சமே ஆய்வுக் குழுவின் மனத்தில் முதலில் எழும். அதனால் அங்கேயே நேரம் கரைந்துவிடும். எண்ணெயும் மெத்தனாலும் சேரும் இந்த வினை வெளியிடும் வெப்பமோ மிகக் குறைவு. தானாகவே சூடேறி வெடிக்கும் வகையைச் சேர்ந்த வினை அன்று இது. முடிந்த பொருளான பயோடீசலும் எளிதில் தீப்பிடிப்பதில்லை. தூய்மையாக இருந்தால் அதன் தீப்பற்று வெப்பநிலை (ஆவி தீப்பற்றத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலை) 100 பாகைக்கு மேல். உங்கள் ஆலையின் அபாயத்தில் பெரும்பகுதி மெத்தனால் போகும் வழியில்தான் இருக்கிறது. ஆகவே, வரைபடத்தில் உள்ள கலன்களை வரிசையாகப் பார்ப்பதற்கு முன்னால், மெத்தனாலின் கணக்கைப் போடுங்கள்.

10 டன் எண்ணெய் வினைபுரியத் தேவையான மெத்தனால் ஏறத்தாழ 1.1 டன். வினை முழுமை பெற வேண்டும் என்பதற்காக வழக்கமாக இதில் இரண்டு மடங்கு, அதாவது 2.2 டன் வரை ஏற்றுகிறோம். எனவே ஒவ்வொரு தடவையும் ஒரு டன்னுக்குக் குறையாத மெத்தனால் வினைபுரியாமல் வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி கிளிசரின் அடுக்கோடு சேர்ந்து அடியில் இறங்குகிறது. அந்தத் தடவையில் உண்டாகும் கிளிசரினே ஒரு டன்னைச் சற்றுத்தான் தாண்டும். ஆக, நீங்கள் ‘கிளிசரின் தொட்டி’ என்று பெயர் எழுதி வைத்திருக்கும் தொட்டியில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மெத்தனால் கலந்த திரவம். பெயர்ப்பலகையைப் பார்த்து அதைத் தீப்பிடிக்காத பொருளாகக் கருதிக்கொண்டு அதன் மேல்மூடியைத் திறந்து வைப்பதும், அதன் அருகே வெல்டிங் செய்ய அனுமதிச் சீட்டு கொடுப்பதும் நான் பல இடங்களில் கண்ட பழக்கம். அமிலம் சேர்த்துக் கிளிசரினை நடுநிலையாக்கும்போது அபாயம் இன்னும் கூடுகிறது. கந்தக அமிலம் காரத்தோடு சேர்ந்து வெளிவிடும் வெப்பம், உள்ளே கரைந்திருக்கும் மெத்தனாலை ஆவியாக வெளியே தள்ளும். மெத்தனால் 64.7 பாகையில் கொதிக்கும் என்பதை நினைவில் வைத்தால், அமிலம் சேர்க்கும் வேகம் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். அறிக்கையில் இந்தப் படிக்கு எத்தனை வரிகள் இருக்கின்றன என்று பாருங்கள்.

அடுத்து மெத்தனால் சேமிப்புத் தொட்டி. இங்கே நம் ஊரின் வெப்பத்தைச் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். காற்றில் மெத்தனால் ஆவி 6 முதல் 36 சதவீதம் வரை இருந்தால் தீப்பற்றும். தொட்டியில் திரவத்துக்கு மேலுள்ள வெற்றுப் பகுதியில், 25 பாகையில் ஏறத்தாழ 17 சதவீதமும், 30 பாகையில் 22 சதவீதமும், 40 பாகையில் 35 சதவீதமும் மெத்தனால் ஆவி நிறைந்திருக்கும். அதாவது, மார்கழிக் குளிரிலும் சித்திரை வெயிலிலும் அந்தத் தொட்டியின் உட்பகுதி தீப்பற்றும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் தொட்டி அப்படியன்று. அதில் ஆவி மிகுதியாக இருப்பதால், வழக்கமான வெப்பநிலையில் உட்பகுதி தீப்பற்றும் மேலெல்லையைத் தாண்டி நிற்கும். பெட்ரோலோடு பழகியவர்கள் மெத்தனாலை அதைவிடச் சாதுவான பொருளாக நினைப்பதற்கு இந்த ஒரு கணக்கே போதுமான மறுப்பு. காற்று புகாதபடி வெற்றுப் பகுதியை நிரப்பும் நைட்ரஜன் போர்வை இருக்கிறதா, அது நின்றுபோனால் யாருக்குத் தெரியும், வெளிச்சுடர் தொட்டிக்குள் புகாமல் தடுக்கும் தீத்தடுப்பு வலை கடைசியாக எப்போது கழற்றிப் பார்க்கப்பட்டது, டேங்கரிலிருந்து இறக்கும் குழாய் தொட்டியின் அடிவரை செல்கிறதா அல்லது மேலிருந்து கொட்டுகிறதா, இறக்குவதற்கு முன் எர்த்திங் இணைக்கப்படுகிறதா என்ற கேள்விகள் அனைத்தும் தனித்தனி வரிகளாக வர வேண்டும்.

மெத்தனாலை மீட்கும் பகுதியில் இன்னொரு வகை அபாயம் இருக்கிறது. அங்கே வெற்றிடத்தில் வேலை நடப்பதால், கசிவு வெளிநோக்கி வராது. காற்று உள்ளே போகும். பிளேஞ்ச் (குழாய்களை இணைக்கும் தட்டு) ஒன்று தளர்ந்தால் வெளியே வாசனையும் வராது, சொட்டும் தெரியாது. சூடான மெத்தனால் ஆவியோடு காற்று கலந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்து வெற்றிடத்தை விடுவிக்கும்போது வால்வைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடுகிறார்களா, நைட்ரஜனை விடுகிறார்களா என்பதை ஆப்பரேட்டரிடமே கேளுங்கள். செயல்முறைக் கையேட்டில் ஒன்று எழுதியிருக்கும். இரவு ஷிப்டில் நடப்பது வேறாக இருக்கலாம்.

கடைசியாகப் பயோடீசல் தொட்டி. தரநிர்ணயம் மெத்தனால் எச்சத்தை 0.2 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்வது எஞ்சினுக்காக மட்டும் அன்று. ஒரு சதவீதம் எஞ்சினாலே தீப்பற்று வெப்பநிலை வெகுவாகக் கீழே இறங்கிவிடும். எண்ணெயில் கொழுப்பு அமிலமும் நீரும் மிகுந்து சோப்பு உண்டாகி, அடுக்குகள் பிரியாமல் போகும் நாளில் அந்தச் சரக்கை எங்கே வைக்கிறீர்கள்? ‘மறுபடி பார்க்கலாம்’ என்று ஒரு பழைய தொட்டியில் ஏற்றி வைப்பீர்களானால், மெத்தனாலுக்கென்று வடிவமைக்கப்படாத ஒரு தொட்டியில் மெத்தனால் குடியேறிவிட்டது என்று பொருள். வரைபடத்தில் அந்தத் தொட்டி இருக்கவே இருக்காது.

கருவிப்பொறியாளர்_காட்டுப்பாக்கம்

ஐயா கூறியவற்றை முழுமையாக ஏற்கிறேன். நான் கருவியியல் பிரிவில் பணிபுரிபவள். ‘ஆப்பரேட்டர் கவனிப்பார்’ என்ற வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அது அபாயத்தைத் தொடங்கிவைத்த பழுதிலிருந்து விலகி, தன்னந்தனியாக நிற்க வேண்டும். ஆப்பரேட்டரின் செயலைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. அவருக்கு ஒரு தெளிவான எச்சரிக்கை ஒலி அல்லது விளக்கு கிடைக்க வேண்டும். அந்த எச்சரிக்கை, பழுதான அதே கருவியிலிருந்து வரக் கூடாது. செயல்படப் போதிய நேரம் இருக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பது எழுதப்பட்டுப் பயிற்சியளிக்கப்பட்டிருக்க வேண்டும். செய்யப் போகும் இடம் அப்போதும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும். இவை அனைத்தும் பொருந்தினாலும், பத்துத் தடவையில் ஒரு தடவை தவறும் என்றே பொதுவாகக் கணக்கிடுகிறோம். ஒரே ஆப்பரேட்டரை ஐந்து வரிகளில் ஐந்து பாதுகாப்பு ஏற்பாடுகளாக எழுதிவிட்டு, அந்த ஐந்தும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் அவர் எங்கே நிற்பார் என்று எவரும் கேட்பதில்லை.

அப்படி எல்லாம் ஒரே நேரத்தில் நிகழும் தருணம் நமக்கு நன்றாகத் தெரிந்ததே: மின்தடை. மின்சாரம் போனதும் ரியாக்டரின் கலக்கி நிற்கும், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்குக் குளிர்நீர் அனுப்பும் பம்ப் நிற்கும், காற்றோட்ட விசிறி நிற்கும். பாய்லரில் சேர்ந்திருக்கும் நீராவி மட்டும் உடனே நிற்காது. கலக்கி நின்றதால் மெத்தனாலும் எண்ணெயும் அடுக்கடுக்காகப் பிரிய, கலனின் சுவரை ஒட்டிய பகுதி மேலும் சூடாகும். மின்சாரம் திரும்பி வந்ததும் கலக்கியை முதலில் ஓடவிட்டால், சூடான பகுதியும் மெத்தனால் அடுக்கும் ஒன்றாகக் கலந்து, பெருமளவு ஆவி ஒரே வீச்சில் எழும். அந்த வேளையில் குளிர்நீர் ஓடத் தொடங்கியிருக்காவிட்டால், ஆவி முழுவதும் வெளிக்குழாய் வழியே வெளியேறும். உங்கள் அறிக்கையில் ‘கலக்கி நிற்றல்’ ஒரு வரியாகவும் ‘குளிர்நீர் இன்மை’ வேறொரு வரியாகவும் இருக்கும். இரண்டும் ஒரே காரணத்தால் சேர்ந்து நிகழ்வது எங்கேயும் இருக்காது. என் கருத்தில், உங்கள் ஆலைக்கு மின்தடையைத் தனி அமர்வாகவே வைத்துப் பேசலாம். சூடாக்க நேரடி நீராவிக்குப் பதிலாக 70 பாகையைத் தாண்டாத வெந்நீரைப் பயன்படுத்த முடியுமா என்பதையும் இரண்டாவது ரியாக்டர் வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். கருவிகள் பல வைத்துக் காப்பதைவிட, அளவுக்கு மீறிச் சூடாகவே முடியாத ஏற்பாடு மேலானது.

வாயு உணரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்; இதைப் பலரும் கவனிப்பதில்லை. தீப்பற்றும் கீழெல்லையில் 10 சதவீதம் வந்ததும் ஒலிக்கும்படி உணரிகளை அமைப்பது வழக்கம். மெத்தனாலின் கீழெல்லை 6 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 60,000 பங்கு. அதில் பத்தில் ஒன்று 6,000 பங்கு. மனித உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுக்கப்பட்டிருக்கும் செறிவும் அதே 6,000 பங்குதான்! எட்டு மணி நேர வேலைக்கு ஏற்கப்பட்ட அளவோ 200 பங்கு. ஆகவே தீ அபாயத்துக்காக வைத்த உணரி முதல் ஒலி எழுப்பும்போதே, அங்கே மூச்சுக் கருவியின்றி நிற்பவர் நஞ்சுக்குள் நின்றுகொண்டிருக்கிறார். ‘ஒலி கேட்டதும் ஆப்பரேட்டர் சென்று வால்வை மூடுவார்’ என்று எழுதப்பட்டிருந்தால், அந்த வரி அவரை எங்கே அனுப்புகிறது என்பதை மேலாளர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்த வால்வு தொலைவிலிருந்து மூடப்படுவதாக இருக்க வேண்டும். உணரி மீத்தேனுக்கு அளவுதிருத்தம் செய்யப்பட்டிருந்தால் மெத்தனாலுக்கு அது காட்டும் எண் வேறாக இருக்கும் என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று, கடற்காற்று. எண்ணூர், மணலி வட்டாரத்தில் திறந்த வெளியில் நிற்கும் எதையும் உப்பு விட்டுவைப்பதில்லை. தொட்டிக்குள் காற்று போய்வர வழிவிடும் மூச்சு வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், பம்ப் மூலம் திரவத்தை எடுக்கும்போது தொட்டி உள்நோக்கி நசுங்கும். வால்வு இருக்கிறது என்பது வரைபடத்தில் தெரியும். அது திறக்கிறதா என்பது பராமரிப்புப் பதிவேட்டில்தான் தெரியும். அறிக்கையில் பாதுகாப்பு ஏற்பாடாகக் குறிப்பிட்ட ஒவ்வொரு வால்வுக்கும் கடைசியாகச் சோதித்த தேதியை எதிரில் எழுதச் சொல்லுங்கள்.

மணலி_உற்பத்தி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா எழுதியதைப் படித்தபின் மின் பலகையைச் சென்று பார்த்தேன். கலக்கிக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறது. குளிர்நீர் பம்ப்புக்கு இல்லை. அதாவது, மின்தடையின்போது ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கினால், தவிர்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்ன வரிசையே எங்களிடம் நிகழும். இதை உடனே மேலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

எண்ணெய் வரும் பகுதியைப் பற்றியும் மழைவெள்ளத்தைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். ஆலோசகரின் அறிக்கையில் வெள்ளம் என்ற சொல்லே இல்லை.

மூன்றாம்_ஷிப்ட்

நான் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருப்பவன். எண்ணெய்ப் பகுதியைப் பற்றி எழுதுகிறேன்.

சமையல் எண்ணெய் என்பதால் அங்கே அபாயம் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மீண்டும் மீண்டும் பொரிப்பதால் உண்டாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருப்பதால், அந்த எண்ணெய் நம்மைப் போன்ற ஆலைகளுக்கு வருகிறது. அதனோடு நீர், மாவு, மசாலாத் துகள், சில சமயம் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஆகியவையும் சேர்ந்து வருகின்றன. தொட்டியின் அடியில் நீர் ஓர் அடுக்காகத் தங்கிவிடும். அதை வடிக்காமல் நீராவிச் சுருளைத் திறந்து 100 பாகைக்கு மேல் சூடாக்கினால், அடியிலுள்ள நீர் ஒரு கட்டத்தில் சட்டென்று கொதிக்கும். நீர் ஆவியானால் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். சூடான எண்ணெய் முழுவதும் நுரைத்துப் பொங்கித் தொட்டியின் மேல்வாய் வழியாக வெளியே கொட்டும். பொங்கல் பானையில் நாம் மகிழ்ந்து பார்க்கும் அதே நிகழ்வு, டன் கணக்கில் கொதிக்கும் எண்ணெயாக ஆட்கள் மீது விழுகிறது. அடிநீரை வடித்த பிறகுதான் நீராவி திறக்க வேண்டும் என்பதோடு, தொட்டியை நிறைய ஏற்றாமல் மேலே இடம் விட்டுச் சூடாக்க வேண்டும்.

அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்வது இன்னும் கொடியது. அடியில் தங்கும் கசடு அழுகும். அழுகும்போது உயிர்வளி குறையும். ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவரைக் காப்பாற்ற இறங்கி இன்னொருவரும் இறந்த செய்திகளை நம் மாநிலத்தில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். அதே மரணம் இந்த எண்ணெய்த் தொட்டியிலும் காத்திருக்கிறது. தொட்டி சுத்தம் செய்வதை ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் விட்டுவிடுவதால், அது ஆய்வுக் கூட்டத்தின் பேச்சிலேயே வருவதில்லை. காற்றைச் சோதித்து, அனுமதிச் சீட்டு எழுதி, வெளியே ஒருவரை நிறுத்தி, இழுத்து எடுக்கும் கயிறு கட்டிய பிறகே இறங்க வேண்டும் என்பதைத் தனியாகவே எழுதி வையுங்கள்.

எண்ணெய் துடைத்த துணிகளையும், எண்ணெயை வெளுக்கப் பயன்படுத்திய மண்ணையும் குவித்து வைக்கக் கூடாது. காற்றோடு வினைபுரிந்து அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட்டு, அன்றன்று அப்புறப்படுத்த வேண்டும்.

ஆப்பரேட்டர்களைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வால்வு இறுகிப்போய்க் குறடு வைத்துத் திருப்ப வேண்டியிருக்கிறது, எந்த அளவுமானி பொய் காட்டுகிறது, எந்த எச்சரிக்கை ஒலியை எல்லோரும் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். போபால் நிகழ்வுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகள், அபாயம் பற்றிய தகவலைத் தொழிலாளர்களுக்குத் தெரிவிப்பதையும் பாதுகாப்பு நிர்வாகத்தில் அவர்கள் பங்கேற்பதையும் உரிமையாகவே வைத்தன. மரியாதைக்காக அழைப்பது என்ற எண்ணம் வேண்டாம். அவர்கள் இல்லாமல் நடந்த ஆய்வு முடிந்த ஆய்வாகாது.

ஸ்டோர்ஸ்_மாதவரம்

சுருக்கமாக ஒன்று. மெத்தனாலின் இருப்புக் கணக்கையும் அபாய ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலையிலிருந்து ஒரு பீப்பாய் காணாமற்போவது திருட்டு வழக்கோடு முடியும் விஷயம் அன்று. ஏற்றிய அளவு, மீட்ட அளவு, இருப்பு ஆகிய மூன்றும் ஒவ்வொரு நாளும் பொருந்த வேண்டும். இந்தக் கணக்கு கசிவையும் காட்டிக்கொடுக்கும். கணக்கில் விழும் துண்டு எங்கேயோ ஆவியாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

மேலும், மெத்தனால் உடலுக்குள் சென்றால் பல மணி நேரம் வரை பெரிய அறிகுறி தெரியாது. பிறகு பார்வை மங்கும். தோல் வழியாகவும் அது உள்ளே செல்லும். மேலே கொட்டிக்கொண்டவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் ஆலையில் மெத்தனால் இருப்பதையும், அதற்கான மாற்று மருந்தும் டயாலிசிஸும் தேவைப்படலாம் என்பதையும், ஸ்டான்லி மருத்துவமனையாக இருந்தாலும் அருகிலுள்ள வேறு மருத்துவமனையாக இருந்தாலும், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

எண்ணூர்_நெடுஞ்சாலை

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியிலும் எண்ணூரிலும் நீர் புகுந்ததையும், அந்த நீரோடு எண்ணெய் கலந்து கழிமுகம் வரை பரவி மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் வீடுகளிலும் படிந்ததையும் பார்த்த பிறகு, வடசென்னையில் எந்த ஆலையின் ஆய்வும் வெள்ளத்தை விட்டுவிட்டு நிறைவு பெற்றதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

உங்கள் ஆலையில் நீர் புகுந்தால் முதலில் கவலைப்பட வேண்டியது சோடியம் மெத்தாக்சைடு. அதைத் தூளாக வாங்குகிறீர்களா, மெத்தனாலில் கரைத்த கரைசலாக வாங்குகிறீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. தூளாக இருந்தால், ஈரம் பட்டதும் சூடேறும். மெத்தனாலையும் காஸ்டிக் சோடாவையும் உண்டாக்கும். தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். கடலோர ஈரக்காற்றில் மூடி சரியாக அடைபடாத பீப்பாயே ஆபத்து எனும்போது, தரையில் அடுக்கி வைத்த பீப்பாய்களுக்குள் வெள்ளநீர் புகுவதை எண்ணிப் பாருங்கள். கரைசலாக வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். தூளைத் திறந்த வாய் வழியாக மெத்தனாலில் கொட்டும் வேலையும் தவிர்க்கப்படும். தூளையே தொடர்வதாக இருந்தால், அந்தப் பகுதியில் கடந்த வெள்ளம் எட்டிய உயரத்துக்கு மேலான மேடையில் வையுங்கள்.

இரண்டாவது, தொட்டிகள் மிதப்பது. பாதி காலியான மெத்தனால் தொட்டியைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவருக்குள் நீர் நிறைந்தால், தொட்டி அடித்தளத்திலிருந்து கிளம்பிக் குழாய்களை முறித்துக்கொண்டு மிதக்கும். நங்கூர ஆணிகள் அதற்குத் தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளரிடம் கணக்குக் கேளுங்கள். மூன்றாவது, அதே தடுப்புச் சுவரின் வடிகால் வால்வு. மழைநீரை வெளியேற்றத் திறந்தவர் மூட மறந்தால், அடுத்து வரும் கசிவு முழுவதும் தெருச் சாக்கடைக்குப் போகும். மெத்தனால் நீரில் முற்றிலும் கரைந்துவிடும் என்பதால் எண்ணெய்போல் மேலே மிதந்து கண்ணில் படாது. கரைந்துவிட்டதால் தீ அபாயம் போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். மூன்று பங்கு நீரில் ஒரு பங்கு மெத்தனால் இருந்தாலும் அது தீப்பற்றும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. சாதாரணத் தீயணைப்பு நுரை மெத்தனாலின் மேல் நிற்காமல் கலைந்துவிடும். ஆல்கஹாலைத் தாங்கும் வகை நுரை உங்களிடம் இருக்கிறதா என்பதைத் தீயணைப்புத் துறையினரோடு சேர்ந்து சரிபாருங்கள்.

முறையைப் பற்றி ஒரு சொல். ஹாசாப் முறை 1960களில் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் வளர்ந்தது. அது தொடர்ச்சியாக ஓடும் ஆலைகளுக்கு இயல்பாகப் பொருந்தும். உங்களுடையது தடவை தடவையாக நடக்கும் வேலை. ‘இல்லை’, ‘மிகுதி’, ‘குறைவு’, ‘எதிர்த்திசை’ என்ற வழிகாட்டுச் சொற்களோடு, ‘முன்னதாக’, ‘பிந்தி’, ‘ஒரு படி விட்டுப்போதல்’, ‘இரண்டு தடவை செய்தல்’ என்பவற்றையும் சேர்த்து, செயல்முறைக் கையேட்டின் ஒவ்வொரு படிக்கும் கேட்க வேண்டும். வினையூக்கியை இரண்டு தடவை ஏற்றினால் என்ன? கலக்கியை ஓடவிடும் முன்பே ஏற்றினால் என்ன? இரண்டாவது ரியாக்டர் வந்தபின், முதல் ரியாக்டருக்குப் போக வேண்டிய மெத்தனால் இரண்டாவதுக்குப் போனால் என்ன? இந்தக் கடைசிக் கேள்விதான் உங்கள் விரிவாக்கம் கொண்டுவரும் புதிய அபாயம். எண்ணெய் இறக்குமிடம், பண்டகசாலை போன்ற எளிய பகுதிகளுக்கு ‘இப்படி நடந்தால் என்ன’ என்ற கேள்விமுறையே போதும். எல்லாவற்றுக்கும் ஹாசாப் நடத்தினால் குழு சோர்ந்துவிடும்.

மணலி_உற்பத்தி

ஐயா, மெத்தாக்சைடு எங்களிடம் தூளாகத்தான் வருகிறது; தரையில்தான் வைத்திருக்கிறோம். கரைசலுக்கு மாறுவது பற்றியும், மூன்று ஷிப்ட் ஆப்பரேட்டர்களையும் சேர்த்து மீண்டும் அமர்வு நடத்துவது பற்றியும் பேசியிருக்கிறேன். அமர்வுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. மின்தடையை முதல் நாளுக்கு வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. கண்டென்சரின் வெளிக்குழாய் இப்போது கூரைக்குச் சற்று மேலே, குடியிருப்பு இருக்கும் திசையை நோக்கித் திறந்திருக்கிறது. நீர்த் தெளிப்புக் கோபுரம் ஒன்று வைத்து மெத்தனால் ஆவியை நீரில் கரைத்துவிடலாம் என்று மேலாளர் சொல்கிறார். அது போதுமா?

கருவிப்பொறியாளர்_காட்டுப்பாக்கம்

கோபுரம் நல்ல யோசனை. மெத்தனால் நீரில் எளிதில் கரையும். ஆனால் அந்தக் கோபுரத்தின் பம்ப்பும் மின்தடையில் நின்றுவிடும். ஆவி மிகுதியாக வெளியேறும் வேளையும் அதுவே. எனவே அந்தப் பம்ப்பும் குளிர்நீர் பம்ப்பும் ஜெனரேட்டரில் கலக்கிக்கு முன்பாக ஓடத் தொடங்கும்படி இணைத்து, அவற்றின் ஓட்டம் உறுதியானால் மட்டுமே கலக்கியை ஓடவிடும் இணைப்பூட்டு வையுங்கள். மின்சாரம் போன நொடியிலேயே நீராவி வால்வு தானாக மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததாக இருக்கட்டும்.

கோபுரத்திலிருந்து வெளியேறும் நீரில் மெத்தனால் இருக்கும். அதை நேராகக் கழிவுநீர்க் குழிக்கு விட்டால், கூரைமேல் இருந்த ஆவியை மூடிய குழிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததாகிவிடும். மீட்புப் பகுதிக்கே அந்த நீரைத் திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிக்குழாயின் திசையை மாற்றுவதற்குக் கோபுரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பராமரிப்பு நிறுத்தத்திலேயே செய்துவிடலாம்.